அருகிலா, தொலைவிலா?

குடிக்கு அடிமையான ஒருவர், நெடுநாள் மறுப்புக்குப் பின், "சரி, சிகிச்சைக்கு வருகிறேன்" என்று வாய்திறந்து சொல்லும் நாள் அக்குடும்பத்துக்குப் பெரியதொரு நாள். ஆனால் அந்த மகிழ்ச்சி ஓர் இரவுகூட நிலைப்பதில்லை. எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வி விடிவதற்குள் எழுந்துவிடுகிறது. "உள்ளூரிலேயே பார்த்தால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பார் தந்தை. "கண்காணாத ஊருக்கு அனுப்பினால்தான் கூட்டாளிகளின் தொல்லை ஒழியும்" என்பார் தமையன். "நான் போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்தில் இருக்கட்டும்" என்பார் மனைவி. மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் முடிவெடுப்பது கடினமாகிறது. முடிவெடுக்கத் தாமதிக்கும் நாள்களில், வருகிறேன் என்றவர் மனம் மாறிவிடுவதும் உண்டு.

இக்கேள்வி நம் காலத்தில் பிறந்ததன்று. குடியை நோயென்று மருத்துவ உலகம் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்தே, அந்நோயாளியை வீட்டைவிட்டு விலக்கி வைப்பதா, வீட்டருகே வைத்துப் பேணுவதா என்ற விவாதமும் உடன்பிறப்பாக வந்திருக்கிறது. இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பலர் இரு வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறார்கள், பொருளையும் உழைப்பையும் செலவிட்டிருக்கிறார்கள், தோற்றும் இருக்கிறார்கள். அவர்கள் கற்ற பாடத்தைத் திரும்பிப் பார்ப்பது, இன்று முடிவெடுக்க வேண்டிய ஒரு குடும்பத்துக்குக் கைவிளக்காக உதவும்.

நோயென்று கண்டவர்கள்

குடிப்பவனைப் பாவி என்றோ குற்றவாளி என்றோ மட்டுமே உலகம் பார்த்துவந்த காலத்தில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மருத்துவர் பெஞ்சமின் ரஷ், சாராய வகைகள் உடலுக்கும் உள்ளத்துக்கும் செய்யும் கேட்டை ஆராய்ந்து 1784-இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர் அவர். பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவராயிருந்த தாமஸ் டிராட்டர் 1804-இல் வெளியிட்ட நூலில், குடிப்பழக்கம் உள்ளத்தைப் பற்றிய நோய் என்றே எழுதினார். குடிநோயாளருக்கென்று தனி இல்லம் வேண்டும் என்ற கருத்தையும் ரஷ் 1810-இல் முன்வைத்தார். சிறையும் பைத்தியக்கார விடுதியும்தான் அதுவரை அவர்களுக்குக் கிடைத்துவந்த இடங்கள். நோயாளி என்று ஒப்புக்கொண்டால் அவருக்கு ஓர் இடம் தரவேண்டும் அல்லவா? அந்த இடம் எங்கே இருக்கவேண்டும் என்ற கேள்வி அங்கிருந்தே தொடங்குகிறது.

குன்றின்மேல் ஒரு மாளிகை

முதலில் கிடைத்த பெரிய விடை, "தொலைவில்" என்பதே. ஜோசப் எட்வர்டு டர்னர் என்னும் மருத்துவர், குடிநோயாளருக்கென்றே மாபெரும் மருத்துவமனை ஒன்றை எழுப்பவேண்டுமென்று பல்லாண்டுகள் அலைந்து நிதி திரட்டினார். 1854-இல் நியூயார்க் மாநில அரசின் அனுமதி கிடைத்தது. பிங்ஹாம்டன் என்னும் ஊர் மக்கள் நிலம் அளித்தனர். 1858-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1864-இல் நோயாளிகளுக்காகக் கதவு திறந்தது அந்த மருத்துவமனை. குன்றின் மேல், பள்ளத்தாக்கை நோக்கியபடி, கோத்திக் பாணியில் கோட்டை போல நின்ற கட்டடம் அது. இன்றும் நிற்கிறது.

டர்னருடைய எண்ணம் தெளிவானது. குடிப்பவனைக் குடிக்கவைப்பது அவன் வாழும் சூழல்; ஆகவே அச்சூழலிலிருந்து அவனைப் பெயர்த்தெடுத்து, நல்ல காற்றும் ஒழுங்கும் உள்ள இடத்தில் நெடுநாள் வைத்திருக்கவேண்டும்; வேண்டுமானால் சட்டத்தின் துணையோடு தடுத்தும் வைக்கவேண்டும். இதில் ஓர் உண்மை இருந்தது. குடித்த இடமும் குடித்த நேரமும் உடன் குடித்தவர் முகமும், அணைந்த ஆசையை மீண்டும் மூட்டவல்லவை என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. ஆனால் அந்த மாளிகை நெடுநாள் நிலைக்கவில்லை. நிர்வாகத்தில் பிணக்கு மூண்டு, 1867-இல் டர்னர் வெளியேற நேர்ந்தது. 1879-இல் அரசு அம்மருத்துவமனையை மூடி, நாட்பட்ட மனநோயாளருக்கான விடுதியாக மாற்றிவிட்டது. அதன் வீழ்ச்சிக்குப் பணமும் அரசியலும் காரணங்களாயின. ஆயினும், குன்றிலிருந்து இறங்கி வீடு திரும்புகிறவனுக்காக அடிவாரத்தில் யார் காத்திருப்பார் என்பதற்கு அந்தத் திட்டத்தில் விடை இல்லை.

அதே 1879-இல் இங்கிலாந்து, தீராக் குடியர்க்கான சட்டம் ஒன்றை இயற்றியது. தாமே விரும்பி வருவோர் தனி இல்லங்களில் தங்கிச் சிகிச்சை பெறலாம் என்றது அச்சட்டம். ஆனால் அங்கே சேர விரும்புகிறவர் இரு நீதிபதிகள் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும்; கையொப்பமிட்டபின் குறித்த காலம் முடியும்வரை வெளியேற முடியாது. "நான் தீராக் குடியன்" என்று நீதிபதிகளுக்கு முன்னால் ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனம் வரும்? வெட்கம் என்பது எவ்வளவு உயரமான மதில் என்பதை அச்சட்டம் இயற்றியோர் அளந்து பார்க்கவில்லை.

நகரத்துக்குள் ஒரு வீடு

பிங்ஹாம்டனுக்கு முன்பே இன்னொரு வழியும் தோன்றியிருந்தது. 1840-இல் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் கூடிக் குடித்துக்கொண்டிருந்த ஆறு பேர், இனிக் குடிப்பதில்லை என்று தமக்குள் உறுதி எடுத்துக்கொண்டனர். மருத்துவரும் இல்லை, போதகரும் இல்லை. குடித்துக் கெட்டவனே குடித்துக் கெட்டவனுக்குக் கைகொடுப்பது என்பதே அவர்கள் முறை. வாஷிங்டனியர் எனப் பெயர்பெற்ற அவ்வியக்கம் சில ஆண்டுகளில் பெருங்கூட்டமாகப் பெருகி, அதே வேகத்தில் தளர்ந்தும் போயிற்று. ஆனால் அது விட்டுச்சென்ற விதை ஒன்று முளைத்தது. 1857-இல் பாஸ்டன் நகரில் வாஷிங்டனியர் இல்லம் தோன்றியது; பின்னர் சிகாகோவிலும் ஒன்று எழுந்தது.

இவ்வில்லங்கள் ஊருக்கு வெளியே குன்றின்மேல் நிற்கவில்லை. மக்கள் வாழும் நகருக்குள்ளேயே இருந்தன. வருகிறவர் விரும்பி வந்தார்; சில வாரங்கள் தங்கினார்; வீட்டுக்குத் திரும்பிய பின்னும், தம்மைப்போல் மீண்டவர்களோடு உறவு வைத்திருந்தார். பாஸ்டன் இல்லத்தை நடத்திய ஆல்பர்ட் டே என்பவரையே, டர்னர் போனபின் பிங்ஹாம்டன் மாளிகை தன் தலைமைப் பொறுப்புக்கு அழைத்துக்கொண்டது. சில ஆண்டுகள் அங்கே பணியாற்றிவிட்டு அவர் பாஸ்டனுக்கே திரும்பினார். தொலைவிலும் அருகிலும் பணி செய்து, இரண்டையும் நேரில் கண்ட முதல் சிலருள் அவர் ஒருவர்.

டுவைட்டுக்குப் போன இரயில்

தொலைவின் கவர்ச்சி அத்தோடு தீர்ந்துவிடவில்லை. சிகாகோவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில், இரயில் பாதையோரமாக டுவைட் என்னும் சிற்றூர் இருக்கிறது. லெஸ்லி கீலி என்ற மருத்துவர் 1879-இல் அங்கே ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். பொன் கலந்த மருந்தால் குடிநோயைத் தீர்ப்பதாக அறிவித்தார். அம்மருந்தின் சேர்க்கையை அவர் எவருக்கும் வெளியிடவில்லை. மருத்துவ உலகம் அதனை நம்பவுமில்லை. 1891-இல் சிகாகோவின் முன்னணி நாளேட்டின் அதிபர் ஜோசப் மெடில் சில குடியர்களைச் சோதனையாக டுவைட்டுக்கு அனுப்பி, அவர்கள் திரும்பி வந்த கோலத்தைக் கண்டு வியந்து எழுதினார். அதன்பின் நாடெங்குமிருந்து மக்கள் இரயிலேறி வந்து இறங்கினர்.

நான்கு வார சிகிச்சை. நாளொன்றுக்கு நான்கு ஊசிகள். இவற்றுக்கு நடுவே, நோயாளிகள் அடைத்து வைக்கப்படவில்லை. ஊர்த்தெருக்களில் கூட்டமாக உலாவினர். ஒருவர் கதையை ஒருவர் கேட்டனர். புதிதாக இரயிலிலிருந்து தள்ளாடி இறங்குகிறவரை, முன்பே வந்தவர் சென்று வரவேற்றனர். குணமடைந்தோர் சங்கம் ஒன்று டுவைட்டில் 1891-இல் உருவாகி, கிளைகளாகப் பரவியது. 1893-இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அவர்களுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கப்பட்டது. 1900-இல் கீலி இறந்தார். பொன் மருந்தின் புகழும் மங்கியது.

இன்று அவ்வரலாற்றை ஆய்வோர், அங்கே எவரேனும் குணமடைந்திருந்தால் அதற்குப் பொன் காரணமன்று, தோழமையே காரணம் என்கின்றனர். வெட்கப்படாமல் பேச ஓர் இடம். தன்னைப்போல் வீழ்ந்து எழுந்த நூறு முகங்கள். இவற்றைத்தான் டுவைட் தந்தது. இவை கிடைக்க இரயிலேறிப் போகத்தான் வேண்டுமா என்று கேட்டால், போகவேண்டியதில்லை என்று காட்டுவதற்கு, அதே காலத்தில் கடலுக்கு அப்பால் ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தார்.

டப்ளின் தெருக்களில்

மாட் டால்பட்டை நம் வாசகர்களுள் பலர் அறிவர். 1856-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே மது வணிகர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர். அங்கே தொற்றிய குடிப்பழக்கத்தால் பதினாறு ஆண்டுகள் கூலி முழுவதையும் இழந்தவர். 1884-இல் ஒருநாள், கையில் காசில்லாமல் மதுக்கடை வாயிலில் நின்றார். தாம் வாங்கிக் கொடுத்துக் குடித்த நண்பர்கள் தம்மையும் உள்ளே அழைப்பார்கள் என்று காத்திருந்தார். எவரும் அழைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, குடிப்பதில்லை என்று உறுதிமொழி எடுக்கப்போவதாகத் தாயிடம் கூறினார். மூன்று மாதங்களுக்கு மட்டுமே முதலில் உறுதி எடுத்தார். பின்னர் அது வாழ்நாள் முழுவதற்குமாயிற்று. 1925 ஜூன் 7 அன்று, கிரான்பி சந்தில் கோவிலுக்குச் செல்லும் வழியில் விழுந்து இறக்கும்வரை, 41 ஆண்டுகள் அவர் மதுவைத் தொடவில்லை. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

அவரை அனுப்பி வைக்க எந்த இல்லமும் இல்லை. அனுப்ப எவரிடமும் பணமும் இல்லை. அதே நகரம், அதே தெருக்கள், அதே கடைகள். ஆனால் அவர் நகரை மாற்றாமல், நகருக்குள் தம் வாழ்வை மாற்றிக்கொண்டார். கையில் பணம் வைத்துக்கொள்வதை விட்டார். மாலை வேளைகளில், பழைய கூட்டாளிகள் கூடும் இடத்தைத் தவிர்த்துக் கோவிலில் அமர்ந்தார். பழைய கடன்களை ஒவ்வொன்றாகத் தீர்த்தார். இவையெல்லாம் பக்திக் கதைகளாக மட்டும் படிக்கத்தக்கவை அல்ல. பணம், நேரம், நட்பு, கடன் என்று குடி நுழையும் வாயில்கள் நான்கையும் அவர் அடைத்தார் என்பதை மருத்துவரும் கவனிக்கலாம். அதே வேளையில், அவருடைய வழி எல்லாருக்கும் ஆகும் என்று சொல்லிவிட முடியாது. துணையின்றித் தனியாக நிறுத்த முயன்று உயிரிழந்தோரும் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

ஆக்ரன் நகரில் ஓர் அருட்சகோதரி

நம் கேள்விக்கு மிக நெருங்கிய விடை 1935-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பிறந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன், பலமுறை மருத்துவமனையில் சேர்ந்து, 1934 டிசம்பரில் குடியை நிறுத்தியவர். 1935 மே மாதம் வணிக வேலையாக ஆக்ரனுக்கு வந்தார். வந்த வேலை தோற்றது. வீட்டிலிருந்து வெகு தொலைவில், ஓட்டல் முகப்பறையில் தனியே நின்றபோது, மதுக்கூடத்தின் ஓசை அவரை அழைத்தது. தொலைவு அவரைக் காக்கவில்லை. மாறாக, தொலைவுதான் அன்று அவருக்கு ஆபத்து. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்ப முடியும் என்று உணர்ந்து, தொலைபேசியில் பலரை அழைத்தார். இறுதியில் அவ்வூர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார்.

மருத்துவர் ஸ்மித்தும் சிகிச்சை இல்லங்கள் பலவற்றில் தங்கிப் பார்த்தவரே. வில்சனைச் சந்தித்த பிறகும், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போனவர், வழியிலேயே குடிக்கத் தொடங்கி, நிலைதடுமாறி ஊர் திரும்பினார். அவர் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10 என்று கொண்டு, அந்நாளையே ஏ.ஏ. எனப்படும் இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்கின்றனர். அந்தக் கோடையில் வில்சன் ஸ்மித்தின் வீட்டிலேயே தங்கினார். புகழ்பெற்ற அவ்வியக்கத்தின் முதல் சிகிச்சை நிலையம் ஒரு குடும்பத்தின் சமையலறையும் கூடமும்தான்.

ஆனால் எல்லாருக்கும் வீடு போதாது. கை நடுங்கி, உடல் குலைந்து வருகிறவருக்கு மருத்துவமனை வேண்டும்; அன்றைய மருத்துவமனைகளோ குடிநோயாளரைச் சேர்க்க மறுத்தன. இவ்விடத்தில்தான் அருட்சகோதரி இக்னேஷியா நினைவுக்கு வருகிறார். 1889-இல் அயர்லாந்தில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடியேறி, புனித அகுஸ்தினாரின் அன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்து இசை கற்பித்தவர். உடலும் உள்ளமும் சோர்ந்து வீழ்ந்தபின், ஆக்ரனின் புனித தோமா மருத்துவமனையில், நோயாளிகளைப் பதிவுசெய்யும் எளிய பணி அவருக்குத் தரப்பட்டது. 1939 ஆகஸ்டில், மருத்துவர் ஸ்மித்தின் வேண்டுகோளுக்கு இணங்கி, ஒரு குடிநோயாளியை வயிற்று நோயாளி என்று பதிவுசெய்து அவர் சேர்த்துக்கொண்டார். வேறு இடமில்லாமையால், மலர்களை ஒழுங்குபடுத்தும் சிற்றறையில் கட்டிலைப் போட்டார்.

அங்கிருந்து வளர்ந்த பணியின் அமைப்பை உற்றுநோக்க வேண்டும். மருத்துவமனையில் தங்கும் காலம் ஐந்து நாள்களே. வருகிறவரை அழைத்து வருவதும், ஐந்தாம் நாள் அழைத்துச் செல்வதும், அதே ஊரில் வாழும், குடியை நிறுத்திய ஒருவருடைய பொறுப்பு. உள்ளே இருக்கும் நாள்களில், அந்நகரில் மீண்டவர்கள் நாள்தோறும் வந்து நோயாளியோடு பேசினர். வெளியே போகும்போது சகோதரி ஒவ்வொருவர் கையிலும் திரு இதயப் பதக்கம் ஒன்றைக் கொடுத்து, மீண்டும் குடிக்கத் தோன்றினால் முதலில் இதை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்வாராம். பதக்கத்தைத் திருப்பித் தர வருகிறவன் அவரைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்! அடுத்த தெருவில் சகோதரி இருக்கும்வரைதான் அந்த ஒப்பந்தத்துக்கு வலிமை. ஸ்மித் 1950-இல் இறப்பதற்குள், அம்மருத்துவமனையில் ஏறத்தாழ 5,000 பேர் அவ்விருவர் கவனிப்பில் இருந்து சென்றனர். 1952-இல் கிளீவ்லாந்து நகருக்கு மாற்றப்பட்ட சகோதரி, அங்கும் அதே பணியைத் தொடங்கி, 1966-இல் இறந்தார்.

பண்ணை வீடும் நகர விடுதியும்

இதற்கிடையே, தொலைவின் வழி மீண்டும் புதுவடிவம் பெற்றது. 1949-இல் மின்னசோட்டா மாநிலத்தின் சென்டர் சிட்டி என்னும் சிற்றூரில், ஏரிக்கரைப் பண்ணை வீடொன்றில் ஹேசல்டன் நிலையம் தொடங்கப்பட்டது. படுக்கையை ஒழுங்காக விரிப்பது, பண்போடு நடந்துகொள்வது, விரிவுரைகளைக் கேட்பது, ஒருவரோடு ஒருவர் பேசுவது என எளிய விதிகள். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் 28 நாள் தங்கு சிகிச்சையின் மூல ஊற்றுகளுள் அது ஒன்று. ஆனால் பண்ணையின் அமைதியிலிருந்து நேரே பழைய தெருவுக்குப் போகிறவர் தடுமாறுவதை அந்நிலையத்தாரே கண்டனர். 1953-இல் செயின்ட் பால் நகருக்குள் விடுதி ஒன்றைத் திறந்து, சிகிச்சை முடித்தோர் வேலை தேடிக்கொண்டே சில காலம் சேர்ந்து வாழ வழிசெய்தனர். தொலைவில் தொடங்கிய நிலையமே நகருக்குள் ஒரு வீட்டைத் தேடி வந்தது.

பின்னர் ஆய்வாளர்கள் இக்கேள்வியை எண்களால் அளக்க முயன்றனர். 1973-இல் இல்லினாய் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் ஹண்ட், ஆஸ்ரின் என்ற இருவர் பதினாறு நோயாளிகளை எட்டு எட்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பிரிவுக்கு அதனோடு வேலை தேடித்தருதல், கணவன் மனைவி உறவைச் சீர்செய்தல், குடியில்லா நட்பு வட்டம் அமைத்தல் ஆகிய உதவிகள். மாலையில் கூடிப் பேச வேறிடம் இல்லையே என்று, பழைய மதுக்கடை ஒன்றையே மன்றமாக மாற்றித் தந்தனர்! வழக்கமான சிகிச்சை பெற்றோர் வெளியே வந்தபின் தம் நாள்களில் 79 விழுக்காட்டைக் குடியில் கழித்தனர். உதவி பெற்றோர் 14 விழுக்காடு மட்டுமே. பதினாறு பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் வேறுபாடு மிகப் பெரிது.

1977-இல் இலண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸும் ஜிம் ஆர்ஃபோர்டும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பளித்தது. திருமணமான 100 ஆண்களுள் பாதிப்பேருக்கு முழு சிகிச்சையும், மற்றவர்க்கு மனைவி உடனிருக்க ஒரே ஒரு முறை தெளிவான அறிவுரையும் வழங்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. சிகிச்சை வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. இவர்கள் வீடும் மனைவியும் உள்ளவர்கள் என்பதை மறக்கக்கூடாது. எல்லாம் இழந்து தெருவில் நிற்பவருக்கு இம்முடிவு பொருந்தாது.

ஐரோப்பாவில் குரோஷிய மனநல மருத்துவர் விளாடிமிர் ஹுடோலின் 1964-இல் சாக்ரெப் நகரில் மீண்டோர் மன்றங்களைத் தொடங்கினார். நோயாளி மட்டுமன்றி, அவர் குடும்பமே உறுப்பினர். அவரவர் வாழும் வட்டாரத்திலேயே வாரந்தோறும் கூட்டம். மன்றம் பெருத்துவிட்டால் இரண்டாகப் பிரிந்து, அடுத்த தெருவுக்குப் போகும். 1979-இல் இம்முறை இத்தாலிக்குச் சென்று பெருகியது.

நம் மண்ணில்

இந்தியாவிலும் இதே பயணத்தைக் காண்கிறோம். 1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடிநோயால் கணவரை இழந்தபின், அவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு மருத்துவ நிறுவனத்தைத் தொடங்கினார். குடிநோயாளருக்கென்றே தமிழகத்தில் எழுந்த முன்னோடி மருத்துவமனை அது. 1981-இல் அன்றைய பம்பாயின் பாந்த்ரா பகுதியில் அருள்தந்தை ஜோ பெரேரா, பங்குக் கோவில் வளாகத்திலேயே கிருபா அறக்கட்டளையின் பணியைத் தொடங்கினார். ஊருக்கு ஒதுக்குப்புறமாக அன்று. மக்கள் திருப்பலிக்கு வந்துபோகும் இடத்திலேயே!

சென்னை நிறுவனத்தார் விரைவில் ஒன்றை உணர்ந்தனர். ஊர்ப்புறத்துக் கூலித் தொழிலாளி பல நாள் வேலையை விட்டுச் சென்னையில் தங்க முடியாது. மனைவி பிள்ளைகளை விட்டு உடன் வர முடியாது. வந்தாலும், திரும்பிப் போனபின் கண்காணிக்க ஆளில்லை. ஆகவே நோயாளியை மருத்துவமனைக்கு அழைப்பதை விட்டு, மருத்துவமனையையே ஊருக்குக் கொண்டுசென்றனர். 1989-இல், இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள மஞ்சக்குடி என்னும் சிற்றூரில், பதினைந்து நாள் முகாம் நடந்தது. ஊர்ப் பெரியோர் இடமளித்து முன்னின்றனர். மருத்துவர்களும் ஆலோசகர்களும் அங்கேயே தங்கினர். குடும்பத்தினர் பங்குகொண்டனர். முகாம் முடிந்தபின் தொடர்கவனிப்பும் அந்த வட்டாரத்திலேயே நடந்தது. பின்னர்ப் பல ஊர்களுக்கு இம்முறை முன்மாதிரியாயிற்று.

இங்கே இன்னொன்றையும் கவனிக்கலாம். பலர் அஞ்சுவது போல ஊரறியச் சிகிச்சை பெற்றதால் அம்மனிதர்களின் மானம் போய்விடவில்லை. குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடந்ததை ஊர் முன்பே அறியும். எழுந்து நடப்பதையும் ஊர் பார்க்கட்டுமே! ஊர் பார்த்தால்தான், விருந்திலும் திருவிழாவிலும் அவன் கையில் கோப்பையைத் திணிக்க நண்பனும் சற்றுத் தயங்குவான்.

முடிவெடுக்கும் வேளையில்

இத்தனை வரலாறும் ஒரு குடும்பத்துக்கு என்ன சொல்கிறது? "நிறுத்துவது" வேறு, "நிறுத்தியபடியே வாழ்வது" வேறு என்று சொல்கிறது. முதலாவதற்குத் தொலைவு சில வேளைகளில் உதவும். இரண்டாவது, எங்கே சிகிச்சை பெற்றாலும், இறுதியில் வீட்டருகேதான் நடந்தாக வேண்டும். தமிழகத்தில் 2003 முதல் அரசே மதுவைச் சில்லறையில் விற்கிறது. எவ்வளவு தொலைவு போய் வந்தாலும், திரும்பும் வழியில் அந்தக் கடை இருக்கும்.

முதல் சில நாள்களைப் பற்றி மருத்துவம் தெளிவாக எச்சரிக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம்; இரண்டிலிருந்து நான்கு நாள்களுக்குள் நடுக்கமும் பிதற்றலும் இல்லாததைக் காண்பதும் சேர்ந்த கொடிய நிலை வரலாம். ஆங்கில மருத்துவர் தாமஸ் சட்டன் 1813-இலேயே இந்நிலைக்குப் பெயரிட்டு விவரித்தார். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, முன்னேற்பாடு எதுவுமின்றிக் குடியை நிறுத்தச் செய்து, நெடுந்தூர இரயிலில் ஏற்றி அனுப்புவது தவறு. வீட்டு அறையில் பூட்டி வைப்பதும் தவறு. இந்த நாள்களுக்கு மட்டும், விரைவில் சென்று சேரக்கூடிய, மருத்துவர் இருக்கும் மருத்துவமனையே தக்க இடம். உரிய மாத்திரைகளும் பி1 உயிர்ச்சத்தும் கொடுத்து அவரைப் பாதுகாப்பாகக் கரையேற்ற மருத்துவரால் இயலும்.

அதன் பின்னர்த் தொலைவா அருகா என்பதை, அந்தந்த வீட்டின் நிலையே முடிவு செய்யவேண்டும். வீட்டிலேயே வேறு எவரேனும் குடிக்கிறாரா? தொழிலே மது விற்கும் இடத்தில் உள்ளதா? மனைவியும் பிள்ளைகளும் அடிபட்டு அஞ்சி வாழ்கிறார்களா? உள்ளூரில் பலமுறை முயன்று தோற்றாயிற்றா? அவ்வாறெனில் சில வாரங்கள் தள்ளியிருப்பது அவருக்கும் நல்லது. வீட்டாருக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும். மாறாக, வேலையும் உறவும் இன்னும் கையில் உள்ளன, உடன்வர மனைவி அணியமாய் இருக்கிறார், அருகிலேயே நல்ல மருத்துவரும் மீண்டோர் குழுவும் உண்டு எனில், தொலைவைத் தேடி அலையவேண்டிய தேவையே இல்லை.

"நாலு பேருக்குத் தெரியக்கூடாது" என்பது மட்டுமே தொலைவுக்குக் காரணமாயின், சற்று நின்று சிந்திக்கவேண்டும். அது நோயாளிக்காக எடுக்கும் முடிவா, நமக்காக எடுக்கும் முடிவா? எவரும் அறியாமல் போய்வந்தவரைப் பற்றி, எவரும் அவரிடம் நலம் கேட்கவும் மாட்டார்கள். தடுமாறும் நாளில் தாங்கிப் பிடிக்கவும் மாட்டார்கள். மறைக்கும் பொருட்டுத் தொலைவைத் தேடும் குடும்பம், துணையையும் சேர்த்தே தொலைத்துவிடுகிறது.

எந்த நிலையத்தைத் தேர்ந்தாலும், அங்குள்ளவரிடம் கட்டணத்தைக் கேட்குமுன் சிலவற்றைக் கேட்க வேண்டும். குடும்பத்தார் சிகிச்சையில் பங்குபெற இடமுண்டா? வெளியே வந்தபின் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை தொடர்பு கொள்வார்கள்? எங்கள் ஊருக்கு அருகே மீண்டோர் கூட்டம் எங்கே நடக்கிறது? மீண்டும் குடித்துவிட்டால் கதவைச் சாத்துவார்களா, திறப்பார்களா? விருப்பமின்றி அடைத்து வைப்பதும் அடிப்பதும் சிகிச்சையாகா. இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை தரும் இடம், அடுத்த தெருவில் இருந்தாலும் அடுத்த மாநிலத்தில் இருந்தாலும், நல்ல இடமே.

சிகிச்சை முடிந்து அவர் பேருந்திலிருந்து இறங்கும் நாளில் நிறுத்தத்தில் நிற்கப்போவது யார் என்பதை, அவர் புறப்படும் நாளிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். பிங்ஹாம்டனில் அவ்விடம் வெறுமையாய் இருந்தது. ஆக்ரனில் அங்கே ஒருவர் நின்றார். மஞ்சக்குடியில் ஓர் ஊரே நின்றது. இனி நம் தெருவுக்கு ஒருவர் அவ்வாறு திரும்பி வரும்போது, பார்த்தும் பாராததுபோல் கடந்துபோகாமல், அவர் கையைப் பற்றி வரவேற்கவேண்டியவர்கள் நாம்தாம்.